குசினிச் சிங்களம்

தெகிவளை
7 செப்டெம்பர் 1963, சனி

இன்று எங்கள் வீட்டு முன் விறாந்தையில் தமிழ் காப்பாற்றப்பட்டது. காப்பாற்றியவர்கள் பதினொரு பேர். வடை ஒன்றுகூட மிஞ்சவில்லை. உளுந்து அரைத்த என் தோள்மூட்டு இன்னும் தமிழுக்காக வலித்துக்கொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்கிற கிளாக்கர்மார் எல்லாரும் சிங்களச் சோதனை பாஸ் பண்ண வேண்டும், பண்ணாதவர்கள் பென்சனை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. இவர் தலைமைக் கிளாக்கர். கந்தோர்த் தமிழ்ச் சங்கத்துக்கும் தலைவர். என் புருஷன் என்பது மூன்றாவது பதவி. அதற்குக் கூட்டம் கூடுவதில்லை.

செயலாளர் கார்த்திகேசு என் பித்தளைத் தட்டத்தில் கற்பூரம் கொளுத்தினார். "சிங்களம் படிக்க மாட்டம், சோதனைக்குப் போக மாட்டம்" என்று சொல்லி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார். பிறகு ஒவ்வொருவராக. மரியாம்பிள்ளை வேதக்காரர், கற்பூரம் சரிவராது என்று மாதா படம் தைத்த கழுத்து உத்தரியத்தைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் இவர். மற்றவர்கள் தட்டி அணைத்தார்கள். இவர் உள்ளங்கையைச் சுடரின்மேல் பொத்தி, அது சாகும்வரை எடுக்கவில்லை.

"ஐயாவைப் போல நெஞ்சுரம் ஆருக்கு வரும்!" என்றார் கார்த்திகேசு. அந்த நெஞ்சுரத்துக்குப் பிறகு நான் தேங்காயெண்ணெய் பூசிவிட்டேன்.

பெண்களிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காலம் பிந்திவிட்டது. கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் பக்கத்து வீட்டுச் சீலவதி அக்காவோடு மதிலுக்கு மேலால் கதைத்துக் கதைத்து, எனக்கு இப்போது கோபம் வந்தால் சிங்களம்தான் முதலில் வருகிறது.

8 செப்டெம்பர்

கற்பூரப் புகை மதில் தாண்டிப் போயிருக்கிறது. என்ன பூசை நங்கி என்று கேட்டாள் சீலவதி அக்கா. நங்கி என்றால் தங்கச்சி. உன் பாஷைக்கு எதிரான பூசை என்று சொல்ல முடியுமா? தலையில் பல்லி விழுந்தது, அதற்குச் சாந்தி என்றேன். பாவம், ஒரு சீப்பு வாழைப்பழம் அனுப்பினாள்.

21 செப்டெம்பர், சனி

கார்த்திகேசு காலமை பின்பக்கத்தால் வந்தார். கறிவேப்பிலை வேணுமாம். அவர் வீட்டில் ஒன்றுக்கு இரண்டு மரம் நிற்பது எனக்குத் தெரியும். ஒரு கொப்பு முறித்துக் கொடுத்தேன். போகவில்லை.

"அக்கா, ஒண்டு கேக்கலாமே? ஐயாவுக்குத் தெரிய வேண்டாம்."

"கறிவேப்பிலை கேட்டதையோ?"

"பகிடியை விடுங்கோ. எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். வேலை போனா நான் என்ன செய்யிறது? நீங்கள் சிங்களத்தி மாதிரிக் கதைக்கிறியள்..."

"கற்பூரம் என்ன சொல்லும்?"

"கற்பூரம் எரிஞ்சு முடிஞ்சுது, அக்கா. ஒண்டும் சொல்லாது."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சிங்கள எழுத்துக்கூடச் சீலவதி அக்காவின் மகனின் அரிவரிப் புத்தகத்தைப் பார்த்துப் பொழுதுபோக்குக்குப் படித்தது. அடுப்புக்கரியால் குசினிக் கதவில் முதல் எழுத்தை எழுதினேன். ஜிலேபி பிழிந்த மாதிரி வந்தது. ஒரு கிளாக்கர் என் குசினிப் பலகையில் சப்பாணி கட்டிக்கொண்டு அதைத் திருப்பிச் சொன்னார்.

5 ஒக்டோபர், சனி

கார்த்திகேசு பலகையில் இருந்து "என் வீட்டில் பசு உண்டு" என்று சிங்களத்தில் பாடமாக்கிக்கொண்டிருக்கும்போது பின்கதவில் மரியாம்பிள்ளை. கையில் வெறும் போத்தல். மண்ணெண்ணெய் கடனாக வேணுமாம்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சத்தியமாக, இதற்கு முன் இவ்வளவு அமைதியாக என் குசினி இருந்ததில்லை.

"நீர் என்ன, இஞ்ச?" என்றார் கார்த்திகேசு.

"மண்ணெண்ணெய். நீங்கள்?"

"கறிவேப்பிலை."

"அப்ப பசு எங்க இருந்து வந்தது?"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விறகடுக்கில் சாய்ந்துவிட்டேன். பிறகு மரியாம்பிள்ளைக்கும் ஒரு பலகை போட்டேன். இப்போது சனிக்கிழமை தோறும் எதிர்ப்புப் போராட்டத்தின் செயலாளரும் ஓர் அங்கத்தவரும் என் குசினியில். தலைவர் ஹோலில் பேப்பர் படிக்கிறார்.

19 ஒக்டோபர்

ஒன்றைக் கவனித்தேன். வகுப்பு நடக்கும் நேரம் ஹோலில் பேப்பர் புரளும் சத்தம் கேட்பதில்லை. இன்று எட்டிப் பார்த்தேன். முதற்பக்கத்திலேயே இருக்கிறார். மரண அறிவித்தல் தவிர வேறெதையும் இரண்டு தரம் வாசிக்காத மனுஷன்.

அதன்பிறகு நான் கொஞ்சம் உரத்துப் படிப்பித்தேன்.

"ஏன் அக்கா கத்துறியள், நாங்கள் பக்கத்திலதானே இருக்கிறம்?" என்றார் மரியாம்பிள்ளை.

"எனக்குத் தொண்டை அப்பிடி."

2 நவம்பர்

சீலவதி அக்காவும் வகுப்பில் சேர்ந்துவிட்டாள், மதிலுக்கு அந்தப்பக்கம் நின்றபடி. நான் சொல்வதை அவள் திருத்துகிறாள். இப்படி நீட்டு, இப்படி இழு, கேள்வி கேட்டால் கையைக் கன்னத்தில் வை. மாத்தறைக்காரி, பேச்சில் அரைவாசி பெருமூச்சும் அங்கலாய்ப்பும்தான். "அனே!" என்று தொடங்காமல் அவளுக்கு நேரம் சொல்லக்கூட வராது. எனக்கும் அப்படித்தான் வரும்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் தடியோடு ஆட்கள் கேற்றுக்கு வந்தபோது என் வாய்தான் வேலை செய்தது. சீலவதி அக்கா என்னைத் தன் தங்கச்சி என்றாள். நான் அவளைப் போலவே இடுப்பில் கைவைத்து, அவள் குரலிலேயே, வெட்கமில்லையா உங்களுக்கு, வீட்டில் தாய் இல்லையா என்று ஏசினேன். வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்துக்கொண்டு போனார்கள். இவர் அந்த நேரம் கட்டிலுக்குக் கீழே இருந்தார். வெளியே வந்து மேலில் தூசியைத் தட்டிக்கொண்டார். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, "நல்லாத்தான் கதைக்கிறீர்" என்றார். அது பாராட்டுத்தானா என்று ஐந்து வருடமாக யோசிக்கிறேன்.

அதற்கு முன்னும் ஒரு தரம் அவள் என்னோடு நின்றாள். நாற்பத்தொன்பதில், ஆஸ்பத்திரியில். தொட்டில் வாங்கி வைத்திருந்தோம். அதை இங்கே எழுதப் போவதில்லை.

இன்று பாகற்காய் மலிவு.

24 நவம்பர், ஞாயிறு

பின்வளவில் யாரோ சிங்களத்தில் குழைவது கேட்டு, களவாக யன்னலால் பார்த்தேன். சீலவதி அக்காவின் பூனை. அதற்கு முன்னால் குந்தியிருந்து, "அனே, என்ன பிள்ளை, சாப்பிட்டாயா, இன்னும் இல்லையா?" என்று சிங்களத்தில் விசாரித்துக்கொண்டிருந்தவர் கந்தோர்த் தமிழ்ச் சங்கத் தலைவர்.

பூனை பதில் சொல்லவில்லை. அது அவர் கற்பூரம் அணைத்ததைப் பார்த்திருக்கும்.

1 டிசெம்பர்

காலமை குசினிக் கதவில் என் கரி எழுத்துகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி. என்னுடையது ஜிலேபி, இது முத்து. இந்த அழகான கையெழுத்துக்காகவே இவரை வெள்ளைக்காரத் துரை தலைமைக் கிளாக்கராக்கினான் என்று கலியாணப் பேச்சின்போது என்னைப் பெற்ற ஐயா சொன்னார்.

கதவை நான் துடைக்கவில்லை. அடுத்த பாடத்தைப் பக்கத்தில் எழுதினேன். நாளைக்கு அதற்குக் கீழேயும் ஒரு வரி வரும்.

18 ஜனவரி 1964, சனி

இவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

"எங்கயப்பா?"

"செத்த வீடு."

"ஆர் செத்தது?"

"உமக்குத் தெரியாத ஆள்."

இன்றைக்குக் கொழும்பில் சோதனை. அது கார்த்திகேசு சொல்லி எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது இவருக்கும் தெரியும். திருநீறு நீட்டினேன். செத்த வீட்டுக்குப் போகும் ஆளுக்கு ஏன் என்று கேட்காமல் பூசிக்கொண்டார்.

நான் நேர்த்தி ஒன்றும் வைக்கவில்லை. சும்மா, இவருக்கு விருப்பமான குழல்பிட்டு அவித்து, ஒடியற்கூழுக்குச் சாமான் வாங்கி, வீட்டைக் கூட்டி, கூட்டின வீட்டைத் திரும்பக் கூட்டினேன். சீலவதி அக்கா புத்த பன்சலைக்குப் போய் விளக்கு வைத்துவிட்டு வந்தாள்.

இவர் மூன்று மணிக்கே வந்துவிட்டார். பிட்டு வேண்டாமாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"செத்த வீட்டில ஏதும் சண்டையோ?" என்றேன்.

போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார்.

20 ஜனவரி

இவர் கந்தோருக்குப் போனதும் மரியாம்பிள்ளை அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வந்தார். இன்று வெறும் கை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எழுத்துப் பேப்பரை ஐயா எங்கள் எல்லாருக்கும் முதல் முடிச்சுக் குடுத்திட்டார், அக்கா. பின்னேரம் வாய்ச் சோதனை. நான் வாசல்ல அடுத்த கதிரையில இருந்தனான், கதவும் திறந்துதான் கிடந்தது. சோதிக்கிற துரை வயசாளி, மாத்தறைப் பக்கத்து ஆள். 'எப்பிடி இஞ்ச வந்தனீங்கள்?' எண்டு கேட்டார். ஐயா வாயைத் திறந்தார் பாருங்கோ! அது ஐயா இல்ல, அக்கா. அது சீலவதி அக்கா! 'அனே மாத்தயா, அந்த பஸ்ஸைப் பற்றிக் கேக்காதேங்கோ, அது பஸ்ஸா, மாட்டுக் கொட்டிலா...' எண்டு கையைக் கன்னத்தில வைச்சு, தலையை ஆட்டி, பெருமூச்சும் விட்டு..."

மரியாம்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"பிறகு?"

"துரைக்குச் சிரிப்பு அடக்கேலாமப் போச்சு. கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சார். பக்கத்து அறைத் துரையையும் கூப்பிட்டார். 'ஓடிவந்து கேள், இந்த யாழ்ப்பாணத்து மாத்தயா என்ர அம்மா மாதிரியே கதைக்கிறார்' எண்டார். நக்கல் இல்ல, அக்கா. மாதாவாணை நக்கல் இல்ல. தாய் செத்து ஒரு வருசமாம். இன்னுங் கொஞ்சம் கதையுங்கோ எண்டு கெஞ்சினார்."

"இவர்?"

"எழும்பினார். குடையை எடுத்தார். நடந்தார். துரை விறாந்தைக்கு ஓடிவந்து, 'மாத்தயா, நீங்கள் பாஸ்! கையெழுத்து மட்டும் போட்டிட்டுப் போங்கோ!' எண்டு கத்தினார். ஐயா திரும்பிப் பாக்கேல்ல. கையெழுத்து இல்லாட்டி வராத கணக்குத்தானாம்."

மரியாம்பிள்ளைக்கு மோர் கொடுத்தேன். உப்புப் போடவில்லை என்பது அவர் குடித்து முடித்த பிறகுதான் நினைவு வந்தது. அவரும் சொல்லவில்லை.

25 ஜனவரி, சனி

யாரும் கறிவேப்பிலைக்கு வரவில்லை. சீலவதி அக்கா மதிலடியில் நின்று, என்ன நங்கி, வகுப்பு இல்லையா என்று கூப்பிட்டாள். நான் வாயைத் திறக்கமுன் ஹோலிலிருந்து இவர்:

"இஞ்சேரும். இனி இந்த வீட்டில அந்தப் பாஷை கேக்கக் கூடாது."

"மதிலுக்கு மேலாலயுமோ?"

"மதிலுக்கு மேலாலயும்."

பிறகு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து குசினிக் கதவை இவரே கழுவினார். இந்த வீட்டில் இவர் கழுவிய முதல் பொருள் அது. என் வரிகளையும் தன் வரிகளையும் ஒன்றாகவே கழுவினார்.

சீலவதி அக்காவிடம் தொண்டையைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினேன். கொத்தமல்லி அவித்து அனுப்பினாள். குடித்தேன்.

22 பெப்ரவரி

கார்த்திகேசு பாஸ். மரியாம்பிள்ளை பாஸ். சத்தியம் பண்ணின பதினொரு பேரில் இவரைத் தவிர எல்லாரும் பாஸ். மற்ற எட்டுப் பேர் யார் வீட்டுக் குசினியில் படித்தார்களோ, எந்த மண்டபத்தில் எழுதினார்களோ, நானறியேன்.

சாப்பாட்டு வேளை மெதுவாகத் தொடங்கினேன். "ஜூன் மாசம் இன்னொருக்கா வைப்பினமாம்..."

"என்னத்தை?"

"செத்த வீட்டை."

சிரிப்பார் என்று நினைத்தேன். சோற்றைப் பிசைந்தபடி, "நான் கற்பூரத்தில சத்தியம் பண்ணின ஆள்" என்றார். யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். சொன்னபிறகு நிமிர்ந்து இருந்தார். இனி நான் இந்த மனுஷனை வெல்ல முடியாது என்று எனக்கு விளங்கியது. அவர் இருக்க ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டார். அங்கே எனக்கு வாசல் இல்லை.

14 மார்ச், சனி

பிரியாவிடை. இவருடைய கதிரைக்கு வருகிற கார்த்திகேசுதான் மாலை போட்டார். "நாங்கள் குடும்பஸ்தர். தவறினம். ஐயா ஒராள்தான் அந்தச் சோதனை வாசற்படியை மிதிக்காமல் மானத்தைக் காப்பாற்றினவர்" என்று தழுதழுத்தார். நல்ல கைதட்டல். கார்த்திகேசுவுக்கு நடந்தது தெரியும். மரியாம்பிள்ளைக்கும் தெரியும், அவர் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நான்காவது ஆளுக்காக எல்லாரும் மறந்தோம்.

மாலை பாரம் போல. இவர் குனிந்தபடியே நின்றார்.

28 மார்ச், சனி

ஊருக்குப் போக லொறி வந்துவிட்டது. இவர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில். நான் மதிலடிக்குப் போனேன். கடைசி நாளாவது கதைக்கலாம் என்றுதான் போனேன். இவர் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீலவதி அக்கா என் இரண்டு கையையும் பிடித்தாள். நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தேன். என் வாய் திறந்து மூடியது. மீன் மாதிரி இருந்திருப்பேன்.

அவள் கேட்டாள்: "இவ்வளவு நாளுமா தொண்டை நோகும், நங்கி?"

புலோலி
20 ஏப்ரல் 1964

ஊரில் நான் பெரிய ஆளின் பெண்சாதி. கனகசபை மாஸ்டர் என்று ஒருவர், பழைய மொரிஸ் மைனர் காரில் இவரைக் கூட்டத்துக்குக் கூட்டம் ஏற்றிக்கொண்டு போகிறார். என்னை முன்வரிசையில் இருத்துகிறார்கள். முதற்கூட்டத்துக் கதையில் இவர் சோதனைக்குப் போகவில்லை. இரண்டாவதில் போய், வாசலில் நின்று கண்டித்துவிட்டு வந்தார். நேற்று வல்வெட்டித்துறையில் பேப்பரைத் துரையின் முகத்திலேயே எறிந்தாயிற்று. அடுத்த கிழமை பாவம் அந்த மனுஷனுக்கு அடி விழுந்தாலும் ஆச்சரியமில்லை.

நான் கை தட்டுகிறேன். சேர்ந்து தட்டும்போது என் கை எதுவென்று யாருக்கும் தெரியாது.

9 மே

இவர் மத்தியானம் சாய்மனைக் கதிரையில் நித்திரை. நித்திரையில் கதைத்தார். யாரையோ, சாப்பிட்டாயா, இன்னும் இல்லையா என்று கேட்டார். எந்தப் பாஷையில் என்று எழுதப் போவதில்லை.

விசிறிவிட்டேன்.

6 ஜூன், சனி

கூட்டம் முடிந்து வரும் வழியில் பருத்தித்துறைப் பேக்கரியில் மாஸ்டர் காரை நிற்பாட்டினார். காலிப் பக்கத்துச் சிங்கள ஆளின் பேக்கரி. பின்னேரப் பாண் நல்லாயிருக்கும். பேக்கரிக்காரர் பாண் சுடுகிற போறணையடியில். மேசையில் புதிதாக ஒரு பெண் இருந்தாள். அவருடைய பெண்சாதி, இப்போதுதான் ஊரிலிருந்து கூட்டிவந்திருக்கிறார். இருபது வயது இருக்குமோ என்னவோ. நிறைமாதம்.

என்னைக் கண்டதும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். சிங்களத்தில், மூச்சுவிடாமல்:

"அக்கே, நீங்கள்தானே தெகிவளையில் இருந்து வந்தவர்? பாண் வண்டிக்காரன் சொன்னான். உங்களுக்குச் சிங்களம் தெரியுமாமே? இங்கே எனக்குக் கதைக்க ஒரு பெண்கூட இல்லை. நேற்றிலிருந்து பிள்ளை அசைவது குறைவு. அது சரிதானா? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை."

பின்னால் மாஸ்டர் சிரித்தார். "ஆரிட்டக் கேக்குது பார்! இவ ஆற்றை பெண்சாதி எண்டு தெரியாது போல!"

இவர் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வரவுமில்லை, காருக்குப் போகவுமில்லை.

எனக்கு எல்லாம் தெரியும். என்ன கேட்க வேண்டும், எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும், எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கெதியாக ஓட வேண்டும். நாற்பத்தொன்பதில் எனக்கு அதைப் பிந்தித்தான் சொன்னார்கள். இந்தப் பாஷையில்தான் சொன்னார்கள்.

"எனக்குச் சிங்களம் தெரியாது, பிள்ளை" என்றேன் தமிழில்.

அவளுக்குத் 'தெரியாது' என்ற அந்த ஒரு சொல் விளங்கியது. தலையாட்டினாள். பாணைக் கடதாசியில் சுற்றி என் கையில் தந்தாள். பிறகு யோசித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்:

"பரவா இல்ல, அக்கா. நான் தமில் படிக்கிறது. கொஞ்சம், கொஞ்சம்."

"கேட்டியளே!" என்றார் மாஸ்டர். "அவையே எங்கட பாஷை படிக்க வெளிக்கிட்டினம்!"

காரில் ஏறினோம். பாண் சுடச்சுட இருந்தது. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். மந்திகையைத் தாண்டும்போது, ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதும், இவர் திடீரென்று, "மாஸ்டர், காரைத் திருப்பும்" என்றார்.

"ஏன் ஐயா, ஏதும் விட்டிட்டு வந்தியளோ?"

"அந்தப் பிள்ளையை இஞ்ச கொண்டுவர வேணும். வயித்தில அசைவு குறைவாம்."

மாஸ்டர் பிரேக்கைப் போட்டார். திரும்பி இவரையே பார்த்தார். "அவள் கதைச்சது உங்களுக்கு எப்பிடி ஐயா விளங்கினது?"

இவர் என்னைப் பார்த்தார். கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் இவர் இப்படி என்னைப் பார்த்துக் கேட்டதில்லை.

"எனக்குத்தான் விளங்கினது" என்றேன். "நான்தான் இவரிட்டச் சொன்னனான். திருப்பும்."